அரக்குச் சேலைக்கு ஒயின் பெயர்: வண்ணப் பெயர் ஏபிஐ-யோடு மூன்று வருடம்

சின்னாளப்பட்டியில் சுங்குடி வியாபாரம் பார்க்கும் என் கல்லூரித் தோழி போன வாரம் போனில் கேட்டாள்: “ஏண்டி, கலர் கோடு கொடுத்தா பேரு சொல்ற ஏபிஐ ஒண்ணு வச்சிருக்கியே, அதை எங்க கடைக்கும் போடலாமா?” ஏபிஐ என்றால் நம் நிரல் கேட்டதும் இணையம் வழியே பதில் தரும் சேவை. நல்லபடியாகத்தான் பதில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதனால் நிதானமாக எழுதிவிடுகிறேன்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் பெரியப்பாவுக்குச் சேலைக்கடை. அதன் வெப்சைட் என் பொறுப்பு. சேலையைப் படமெடுத்து உடல், பார்டர், முந்தி மூன்றிலும் ஒவ்வொரு புள்ளியைத் தொட்டு, கணினியில் நிறத்தைக் குறிக்கும் ஆறு இலக்க ஹெக்ஸ் எண்ணை எடுப்பேன். அதை ஏபிஐ-க்கு அனுப்பினால் பெயர் வரும், அந்தப் பெயர் வெப்சைட்டில் அந்தச் சேலைக்குரிய பக்கத்தில் ஏறும். பெரியப்பா ஒவ்வொரு சேலைக்கும் உட்கார்ந்து பெயர் சொல்ல நேரமில்லாத கடை அது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்தில் ஒரே ஒரு ராத்திரிதான் அது பதில் தராமல் நின்றது. பதிவு செய்து வாங்கும் அனுமதிச் சாவி வேண்டாம், காசு வேண்டாம், கேட்டதும் பதில். அதைவிட எனக்குப் பிடித்தது, பெயரோடு தூரத்தையும் சொல்வது. நாம் கொடுத்த எண்ணுக்கும் அது சொன்ன பெயருக்கு உரிய எண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஒரு எண் வரும், அச்சு அசலாகப் பொருந்தியதா இல்லையா என்பதும் வரும். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லாத அந்த நேர்மை பெரிய விஷயம்.

அதனால் நான் எதிர்பார்க்காத ஒரு நன்மையும் கிடைத்தது. ஒரே சேலைக்குக் காலையில் ஒரு பெயர், டியூப்லைட் வெளிச்சத்தில் இன்னொரு பெயர் வந்தது. ஏபிஐ தவறு என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன். தவறு என் படத்தில். அன்றிலிருந்து சேலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டை வைத்து, அதை வெள்ளையாகக் காட்டும்படி படத்தைச் சரிசெய்த பிறகுதான் நிறத்தைத் தொடுகிறேன். ‘படத்துல ஒரு கலரு, கையில ஒரு கலரு’ என்று திரும்பி வரும் சேலைகள் அதற்குப் பிறகு நன்றாகவே குறைந்தன.

சரி, இப்போது அரக்கு.

எங்கள் கடையில் முகூர்த்தச் சேலை என்றால் பாதிப் பேர் முதலில் கேட்பது அரக்குதான். அந்த அடர்சிவப்பில் எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஏபிஐ சொல்வது மெர்லோ, கிளாரெட், பர்கண்டி, ஷிராஸ். நான்கும் ஒயின் பெயர்கள். சிவப்பு கொஞ்சம் ஏறினால் ஒரு ஒயின், இறங்கினால் இன்னொரு ஒயின். முதல் வருடம் நான் கவனிக்கவே இல்லை, ஸ்டைலான பெயர் என்று நினைத்து ஏற்றிவிட்டேன். மேலூரிலிருந்து ஒரு அம்மா போன் பண்ணினார். மகளுக்கு முகூர்த்தச் சேலை பார்த்து வைத்திருக்கிறார். வீட்டுப் பையன் யாரோ பெயரைப் படித்துவிட்டு அர்த்தம் சொல்லியிருக்கிறான். “மணவறையில உக்காருற புள்ளைக்குச் சாராயப் பேரு வச்ச சேலையா தர்றீங்க?” என்றார். பெரியப்பா என்னைப் பார்த்து, “என்ன தாயி இது, அரக்குன்னு போட வேண்டியதுதானே” என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

ஏன் இப்படி என்று உட்கார்ந்து பார்த்தேன். ஹெக்ஸ் எண்ணில் எழுதக்கூடிய நிறங்கள் 1,67,77,216. பெயர்ப் பட்டியலில் இருப்பவையோ அதில் ஒரு துளி. ஆகவே ஏபிஐ நிறத்துக்குப் பெயர் சொல்வதில்லை, பட்டியலில் இருப்பதில் கிட்டத்து நிறத்தின் பெயரைச் சொல்கிறது. அடர்சிவப்பைப் பார்த்ததும் ஒயின் ஞாபகம் வருகிறவர்கள் போட்ட பட்டியல் அது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெயர்ப் பட்டியல்களே அங்கங்கே இருந்து எடுத்துச் சேர்த்தவைதான். பிரவுசர்களுக்குத் தெரிந்த 148 பெயர்களில்கூட ‘டார்க் கிரே’ என்பது ‘கிரே’யைவிட வெளிறிய நிறம். இரண்டும் இரண்டு வெவ்வேறு பட்டியலிலிருந்து வந்ததால் நேர்ந்தது.

அதே 148-க்குள் ‘ரெபெக்கா பர்ப்பிள்’ என்று ஒன்று உண்டு. வெப் பக்கங்களின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்-இல் வல்லுநர் எரிக் மேயரின் ஆறு வயது மகள் ரெபெக்கா 2014-இல் மூளைப் புற்றுநோயால் இறந்தபோது அவள் நினைவாகச் சேர்த்தார்கள். அதைப் படித்த அன்று எனக்கு எம்.எஸ். நீலம்தான் ஞாபகம் வந்தது. 1916-இல் இதே மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் பெயர் பெற்ற நீலம். எங்கள் கடைக்கு வரும் பாட்டிமார் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். ஏபிஐ-யைக் கேட்டால் ஏதோ ஒரு கடலின் பெயரைச் சொல்கிறது. மயில் கழுத்து இன்னும் மோசம். நீளவாக்கு நூலான பாவு ஒரு நிறம், குறுக்கு நூலான ஊடை ஒரு நிறம். டபுள் ஷேடு சேலையில் எந்தப் புள்ளியைத் தொடுவது? இரண்டு அங்குலம் தள்ளித் தொட்டால் பச்சை நீலமாகிவிடுகிறது. ஒற்றை எண்ணில் அடங்குகிற நிறமே இல்லை அது.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். கடை மூடிய பிறகு பெரியப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, வெள்ளை அட்டையோடு சேலை சேலையாகப் படமெடுத்து, அவர் சொன்ன பெயரை எண்ணோடு எழுதிக்கொண்டேன். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ, வெங்காயச் சருகு, மாந்தளிர், ஆனந்தா நீலம், அரக்கில் மட்டும் ஐந்து. இப்போது என் நிரல் முதலில் இந்தப் பட்டியலில் தேடும். தூரத்தை, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவை மட்டும் பார்க்கும் ஆர்ஜிபி-யில் அளக்காமல், கண் பார்ப்பதற்கு நெருக்கமான சிஐஇ லேப் முறையில் அளக்கிறேன். பட்டியலில் கிட்டத்தில் எதுவும் இல்லாவிட்டால் மட்டும் ஏபிஐ-க்குப் போகும். டபுள் ஷேடு சேலைக்கு நானே கையால் பெயர் போடுகிறேன்.

இவ்வளவும் செய்தும் போன மாதம் புதிதாக வந்த ஒரு அரக்கு பட்டியலில் எட்டாமல் ஏபிஐ-க்குப் போயிருக்கிறது. மறுபடியும் மெர்லோ. நான் பார்ப்பதற்குள் இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். தோழி கேட்டது அந்த வாரத்தில்தான்.

ஆகவே என் பதில்: போடாதே. இலவசம், வேகம், நேர்மை எல்லாம் உண்மை. நானும் அதை எடுக்கப் போவதில்லை, சாம்பலுக்கும் பழுப்புக்கும் எனக்கு இன்னும் அது தேவைப்படுகிறது. ஆனாலும் உன் சேலைக்கு அது பெயர் வைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வா, என் பட்டியலைத் தருகிறேன். வரும்போது உங்கள் அப்பாவையும் கூட்டி வா. சின்னாளப்பட்டிப் பெயர்கள் அவருக்குத்தான் தெரியும், அவை என்னிடம் இல்லை.