மருத்துவமனை மெயின் பேனலில் ஆர்க் ஃப்ளாஷ்: எந்தப் பாதுகாப்பு முதலில்?

மதுரையில் மேலூர் ரோட்டிலோ கே.கே. நகரிலோ உள்ள ஒரு நடுத்தர மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். 1000 கே.வி.ஏ. ட்ரான்ஸ்ஃபார்மர், 433 வோல்ட், மெயினில் 1600 ஆம்பியர் ஏசிபி (ஷார்ட் ஆனால் தானாக ட்ரிப் ஆகி கரண்ட்டைத் துண்டிக்கும் பெரிய ஏர் சர்க்யூட் பிரேக்கர்). ட்ரான்ஸ்ஃபார்மரின் இம்பீடன்ஸ் (கரண்ட்டைத் தடுக்கும் தன்மை) 5 சதவீதம் என்றால், பஸ்பாரில் (பேனலுக்குள் மொத்தக் கரண்ட்டையும் சுமக்கும் உலோகப் பட்டையில்) முழு ஷார்ட் ஆகும்போது சுமார் 26,700 ஆம்பியர் பாயும். பேனலுக்குள் நுழைந்த பல்லியோ கைதவறிய ஸ்பேனரோ போதும், ஆர்க் கிளம்பிவிடும்; அதாவது கரண்ட் காற்றின் வழியே பாய்ந்து, தீப்பிழம்பாக வெப்பத்தைக் கக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி வெப்பம் பட்டாலே தோல் கொப்புளித்துவிடும்.

மருத்துவமனையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வார்டு ஃபீடரில் (வார்டுக்குப் போகும் கிளை லைனில்) ஷார்ட் ஆனால் அந்த ஃபீடர் மட்டும்தான் ட்ரிப் ஆக வேண்டும், ஐ.சி.யு.வில் கரண்ட் நின்றுவிடக் கூடாது. அதற்காக மெயின் ஏசிபியை 0.3 அல்லது 0.4 வினாடி பொறுக்கும்படி செட் செய்கிறோம். ஆர்க் மெயின் பஸ்பாரிலேயே வந்தாலும் அது அதே நேரம் பொறுக்கும். நேரம் நீள நீள ஆர்க்கின் ஆற்றலும் ஏறும். அதனால் நேரத்தை எது குறைக்கிறது என்று பார்த்தே ஒவ்வொரு வழியையும் எடைபோட வேண்டும்.

சதுர சென்டிமீட்டருக்கு 40 கலோரி வரை தாங்கும் பாதுகாப்பு உடை நேரத்தைத் துளியும் குறைக்காது. சித்திரை வெயிலில், ஏசி இல்லாத பேனல் ரூமில், தலையை முழுக்க மூடும் உறையோடு அரை மணி நேரம் வேலை பார்ப்பதே பெரும்பாடு. உடை கட்டாயம் வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பி ஆளை உள்ளே அனுப்பக் கூடாது.

மெயின்டனன்ஸ் ஸ்விட்சை வேலைக்கு முன் திருப்பிவிட்டால் ஏசிபி பொறுக்காமல் உடனே ட்ரிப் ஆகும். 0.3 வினாடி ஏறக்குறைய 0.06 ஆகிறது, ஆற்றலும் ஐந்தில் ஒரு பங்காகிறது. எலக்ட்ரானிக் ரிலீஸ் (எப்போது ட்ரிப் ஆவது என்று முடிவு செய்யும் பகுதி) உள்ள பல ஏசிபிகளில் இதைப் பின்னாலும் சேர்க்கலாம், செலவும் குறைவு. ஆனால் திருப்ப மறந்தால் பயனில்லை. வேலை முடிந்து பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்தாலோ, வார்டு ஷார்ட்டுக்கே மொத்தக் கட்டடமும் இருண்டுவிடும். ஸ்விட்ச் திருப்பியிருக்கும் வரை பேனல் கதவில் விளக்கு எரியும்படி செய்வது அவசியம்.

அடுத்த வழி, ஏசிபிகள் ஒன்றுக்கொன்று சிக்னல் அனுப்பும் ஸோன் இன்டர்லாக்கிங்: ஷார்ட் ஃபீடரில் என்று கீழிருந்து சிக்னல் வந்தால் மெயின் பொறுக்கும், வராவிட்டால் உடனே ட்ரிப் ஆகும். இதில் மறதிக்கு இடமில்லை. ஆனால் எல்லா ஏசிபியும் ஒத்துப்போகும் ரிலீஸோடு இருக்க வேண்டும். பல வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்த மருத்துவமனைகளில் அது அமைவது அபூர்வம்.

ஒளியை உணரும் ஆர்க் ரிலே சில மில்லி வினாடியிலேயே ட்ரிப் சிக்னல் கொடுத்துவிடும். ஏசிபி திறக்க எடுக்கும் நேரமும் சேர்ந்தால், மொத்தக் கணக்கு மெயின்டனன்ஸ் ஸ்விட்ச் தருவதற்குப் பக்கத்தில்தான் வரும். ஆனால் ஆள் இல்லாத நள்ளிரவிலும் இது காக்கும். ஒளியோடு கரண்ட்டும் எகிறினால் மட்டும் ட்ரிப் என்று அமைக்க வேண்டும், வெறும் வெளிச்சத்துக்கு விழக் கூடாது.

எதைப் போட்டாலும் ஜெனரேட்டரை மறக்கக் கூடாது. மெயின் ட்ரிப் ஆனதும், கரண்ட் போனால் தானாக ஜெனரேட்டருக்கு மாற்றும் ஆட்டோ சேஞ்ச்ஓவர், மின்தடை என்று நினைத்து, எரிந்த பஸ்பாரிலேயே ஜெனரேட்டரைச் சேர்க்கப் பார்க்கும். ஆள் வந்து ரீசெட் செய்யும் வரை மறுபடி சேர்க்க விடாத லாக்அவுட் ரிலே அதைத் தடுக்க வேண்டும். ஜெனரேட்டரில் ஓடும்போது ஷார்ட் கரண்ட் குறைவு, அதனால் ட்ரிப் இன்னும் தாமதமாகலாம். மெயின்டனன்ஸ் ஸ்விட்சின் செட்டிங் அந்தக் குறைந்த கரண்ட்டையும் பிடிக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் பழைய பேனல் என்றால், என் சிபாரிசு முதலில் மெயின்டனன்ஸ் ஸ்விட்ச், அப்புறம் ஏசிபியைத் தள்ளி நின்று இழுக்கும் ரிமோட் ராக்கிங். புதுப் பேனல் என்றால் ஆர்க் ரிலேயை ஆர்டரிலேயே எழுதுங்கள். லாக்அவுட் வேலை செய்வதை, பேனல் ஃபாக்டரியை விட்டுக் கிளம்பும் முன்பே செய்து காட்டச் சொல்லுங்கள்.