கொழும்புக் கரைக்கு எந்தச் சுருள்? மெட்டல் டிடெக்டருடன் சில ஆண்டுகள்

மெட்டல் டிடெக்டர் வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: எவ்வளவு ஆழம் வரை பிடிக்கும்? பிறர் தொலைத்த நகையைத் தேடி வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் நடக்கிறவனுக்கு அது இரண்டாவது கேள்வி. இங்கே ரயில் பாதை கடலை ஒட்டியே ஓடுகிறது. துருவேறிய ஆணி, கம்பித் துண்டு, சோடா மூடி, அலுமினியத் தாள் என்று மணலுக்குள் இல்லாத குப்பையே இல்லை. அந்தக் குப்பைக்கு நடுவே ஒரு மோதிரத்தைப் பிரித்துக் கேட்க முடிகிறதா என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை சுருளின், அதாவது கோலின் நுனியில் மணலுக்கு மேலாக வீசிச்செல்லும் தட்டின், அளவில்தான் இருக்கிறது.

என்னிடம் இருப்பது மின்லேப் ஈக்வினொக்ஸ் 800. அதனுடன் 11 அங்குலச் சுருள் வந்தது. 6 அங்குலத்தையும் 15க்கு 12 அங்குல நீள்வட்டத்தையும் பின்னர் வாங்கினேன். மூன்றும் ‘டபிள் டி’ வகை. உள்ளே டி எழுத்து வடிவில் இரண்டு கம்பிச் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அவை சேரும் நடுக்கோட்டில், முன்னிருந்து பின்னாக, கத்தி அலகு போன்ற ஒடுங்கிய பகுதிதான் கூர்மையாக உணர்கிறது. சுருள் பெரிதானால் அந்த அலகும் நீளும். மோதிரமும் சோடா மூடியும் ஒரே நேரத்தில் அதற்குள் அகப்பட்டால் இரும்பின் ஒலி பொன்னின் ஒலியை விழுங்கிவிடும். ரயில் பாதையோரக் கருங்கற்களின் அருகே 11 அங்குலத்தில் ஓயாத இரைச்சலாகக் கேட்கும் இடத்தில், 6 அங்குலம் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகச் சொல்கிறது. நேரம் அதிகம் பிடிக்கும். கோடு கிழித்து, வரிசை தவறாமல் நடக்க வேண்டும். அந்தப் பொறுமைக்குப் பலன் நிச்சயம்.

சிறிய சுருளை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் சங்கிலி. மோதிரம் மூடிய வளையம் என்பதால், சுருளின் காந்தப்புலம் அதில் தூண்டும் சுழல் மின்னோட்டம் தடையின்றி ஓடும், சமிக்ஞையும் உரத்து வரும். மெல்லிய சங்கிலியின் எடை மோதிரத்தைவிடக் கூடுதலாக இருந்தாலும், கருவிக்கு அது தனித்தனிக் கண்ணிகளாகவே தெரிகிறது. பெரும்பாலும் கொளுக்கியோ பதக்கமோதான் காட்டிக்கொடுக்கும். தாலிக்கொடி தொலைந்தால் நான் தேடுவது தாலியின் ஒலியையே. பெரிய சுருளின் காந்தப்புலம் பரந்து விரிவதால் இத்தகைய சிறு துண்டுகளை எளிதில் தவறவிட்டுவிடும்.

பெரிய சுருளையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். கல்கிசையில் அகன்ற உலர்மணலில், குப்பை குறைந்த பகுதியில், அது ஒரே வீச்சில் நிறைய இடத்தை முடித்துத் தருகிறது, ஆழமும் கூடுதல். ஆனால் முன்கை விரைவில் வலிக்கும். அலைக்குள் இறங்கினால் தண்ணீர் அதைப் பிடித்து இழுக்கும். உப்பு நீர் ஊறிய மணலே மின்சாரத்தைக் கடத்துவதால், பெரிய சுருள் அந்த மணலையும் சேர்த்துப் ‘பார்க்கிறது’. கடற்கரைக்கான அமைப்பில் கருவி பல மீடிறன்களை (அதிர்வெண்களை) ஒரே நேரத்தில் அனுப்பி இந்த உப்பின் தாக்கத்தைக் கழிக்கிறது. அப்படியும் ஈரக் கோட்டில் உணர்திறனைச் சற்றுக் குறைத்தால்தான் பெரிய சுருள் அமைதியாகும். தென்மேல் பருவக் காற்றுக் காலத்தில் மணல் அரித்து, இரும்புத் தாது கலந்த கரும்மணல் வரி தெரியும் நாட்களில் நான் சிறியதையே மாட்டுகிறேன்.

புதிதாகப் பழகுகிறவர்கள் ஒரு மோதிரம், ஒரு சோடா மூடி, நிக்கல் பித்தளையாலான பழைய கனத்த ஐந்து ரூபாய் நாணயம் ஆகியவற்றைச் சொந்த வளவில் புதைத்து, மூன்று சுருள்களாலும் கேட்டுப் பாருங்கள். இப்போதைய எஃகு நாணயங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றின் ஒலி இரும்பின் பக்கம் சாயும். சுருளை மாற்றும் ஒவ்வொரு முறையும் நிலச் சமநிலையை, அதாவது மண்ணின் ஒலியைக் கருவி பொருட்படுத்தாதபடி சரிசெய்வதை, புதிதாகச் செய்ய வேண்டும். சுருளின் அடிமூடியைக் கழற்றிக் கழுவுங்கள். அதற்குள் தங்கும் கரும்மணல் பொய்யொலி எழுப்பும்.

இந்த நாட்டில் இந்தக் கருவியைக் கண்டாலே புதையல் தோண்டுபவர்களின் நினைவுதான் வருகிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். பழைய கோயில், விகாரை, கோட்டைப் பகுதிகளின் பக்கம் நான் போவதில்லை. உரியவர்களின் அனுமதியோடு, தொலைத்தவர் கூட நிற்கத்தான் தேடுகிறேன்.

அழைப்பவரிடம் நான் முதலில் கேட்பது, தொலைந்தது மோதிரமா சங்கிலியா, உலர்மணலிலா ஈரமணலிலா என்பதுதான். எந்தச் சுருளோடு புறப்படுவது என்பதை அந்தப் பதிலை வைத்தே முடிவு செய்கிறேன்.