குழந்தையைத் தெரபி சென்டரில் சேர்க்கும் முன்: நாங்கள் ஏமாந்த கதை

தெரபி சென்டர் கொடுத்த பதினோராவது மாத ரிப்போர்ட்டில் என் மகன் பெண்ணாகிவிட்டான். 'அவள் இப்போது இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறாள். தண்ணீர் வேண்டும், பந்து கொடு என்று யாருடைய உதவியும் இல்லாமல் கேட்கிறாள்' என்று இருந்தது. மேலே என் மகனின் பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியாகவே இருந்தன. முதலில் படித்தது என் மனைவி. படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காகிதத்தை என்னிடம் நீட்டினாள். எங்கள் பையன் தரையில் உட்கார்ந்து ஒரு டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். அதுவரை அவன் ஒரு சொல்கூடப் பேசியதில்லை.

மையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பெயர் பலகையை மாற்றி அடுத்த தெருவில் திறப்பது இவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. எப்படி மாட்டினோம் என்பதைச் சொன்னால்தான் யாருக்காவது உபயோகப்படும்.

இரண்டேகால் வயதில் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. வேண்டியதைச் சுட்டிக் காட்ட மாட்டான்; என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கதவுத் தாழ்ப்பாளின் மேல் வைப்பான், என் கை ஏதோ ஒரு சாவி என்பதுபோல. குழந்தை மருத்துவர் முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கச் சொன்னார். அது சரியான வரிசை என்று இப்போது தெரிகிறது: பேசாத குழந்தைக்கு முதலில் செவித்திறனைப் பார்க்க வேண்டும். காது நன்றாகவே இருந்தது. பிறகு ஆட்டிசத்துக்கான அறிகுறிகள் இருக்கின்றனவா என்று பார்க்கும் எம்-சாட் என்ற கேள்வித்தாள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது, 20 கேள்விகள். அதில் மதிப்பெண் கூடினால் ஆட்டிசத்துக்கான வாய்ப்பு அதிகம்; இவனுக்குக் கூடுதலாக வந்தது. 'இது ஸ்கிரீனிங்தான், டயக்னோசிஸ் இல்லை' என்று டாக்டர் இரண்டு முறை அழுத்திச் சொல்லி, வளர்ச்சிநிலை நிபுணரிடம் எழுதிக் கொடுத்தார். அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

அந்த இடைவெளியில்தான் இவர்கள் நம்மைப் பிடிக்கிறார்கள். இரவு ஒரு மணிக்கு போனில் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோரைவிட எளிதான வாடிக்கையாளர் யாருமில்லை. ஒரு படிவத்தை நிரப்பினேன். காலையில் பல் துலக்குவதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

முதல் நாள் இருபது நிமிடம் பார்த்தார்கள். வளையங்களை அடுக்கச் சொன்னார்கள், பொம்மை காரைக் கொடுத்தார்கள், அவன் சக்கரத்தைச் சுற்றினான், முடிந்தது. நிர்வாகி அம்மா சிரித்த முகத்துடன் சொன்னார்: "மைல்ட் ஆட்டிசம்தான் சார். பயப்படாதீங்க. ஒரே வருஷத்துல நார்மல் ஸ்கூல்ல சேத்துடலாம். ஆனா இப்பவே ஆரம்பிக்கணும். மூளையோட விண்டோ மூடிட்டா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

இருபது நிமிடத்தில் அந்தத் தீர்ப்பைச் சொல்ல முடியாது. ஒழுங்கான மதிப்பீடு என்றால் பெற்றோரிடம் கருவுற்ற காலம் முதல் வரலாறு கேட்பார்கள், குழந்தையை வெவ்வேறு சூழலில் கவனிப்பார்கள், தேவைப்பட்டால் ஒருவருக்கு மேற்பட்ட நிபுணர்கள் சேர்ந்து பார்ப்பார்கள். சீக்கிரம் தொடங்குவது நல்லது என்பது உண்மை. ஆனால் கடை ஷட்டர் மாதிரி ஒரு தேதியில் இறங்கிவிடும் ஜன்னல் எதுவும் கிடையாது. பத்து வயதிலும் கற்றுக்கொள்கிறார்கள், இருபது வயதிலும் கற்றுக்கொள்கிறார்கள். அந்த 'விண்டோ' என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் என் மனைவியின் கை நடுங்கியதைப் பார்த்தேன். அந்த அம்மாவும் பார்த்தார். உடனே பேக்கேஜ் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார்.

ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி, மாதாமாதம் என்றால் இடம் இருக்குமா என்று சொல்ல முடியாது. கட்டினோம். வீட்டுக்கென்று சேர்த்துவைத்திருந்த பணம். ரசீதின் பின்பக்கம் 'எந்தக் காரணத்துக்கும் கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று எறும்பு எழுத்தில் இருந்ததைப் பதினோரு மாதம் கழித்துத்தான் படித்தேன்.

அன்றைக்கு அவர் ஒரு கணக்கும் சொன்னார். நடத்தைப் பயிற்சி என்ற இந்த முறையில் பயிற்சி பெற்றால் 47 சதவீதக் குழந்தைகள் மற்ற குழந்தைகள் மாதிரி ஆகிவிடுகிறார்களாம், ஆராய்ச்சியே இருக்கிறதாம். ஆராய்ச்சி இருக்கிறது, பொய் இல்லை. 1987இல் லோவாஸ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் வெளியிட்டது. தீவிரப் பயிற்சி பெற்ற குழுவில் இருந்தவர்கள் 19 குழந்தைகள், அவர்களில் 9 பேர். அந்த 47 சதவீதம் இதுதான். எந்தக் குழந்தை எந்தக் குழு என்று குலுக்கல் முறையில் பிரிக்கவும் இல்லை. ஒரு பயிற்சியாளர், ஒரு குழந்தை என்று வாரம் 40 மணி நேரம், இரண்டு வருடங்களுக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். குழந்தையின் தொடையில் அடிப்பதும் அந்தக் காலத்து முறையில் இருந்தது. அதை எந்த மையமும் விளம்பரத்தில் போடுவதில்லை. எங்கள் பையனுக்குக் கிடைத்தது வாரம் மூன்று மணி நேரம், அதுவும் நாலைந்து குழந்தைகளோடு. நாற்பது மணி நேரத்தின் எண்ணைக் காட்டி மூன்று மணி நேரத்தை விற்றிருக்கிறார்கள்.

சரி, அந்த மையத்தின் மூடிய கதவு விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

செஷன் நடக்கும் அறைக்குள் பெற்றோர் வரக் கூடாது. "உங்களைப் பாத்தா குழந்தை டிஸ்ட்ராக்ட் ஆயிடுவான்." கேட்க நியாயமாக இருந்தது. நாங்கள் ஏழெட்டுப் பெற்றோர் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். உள்ளே எப்போதும் பாட்டுச் சத்தம். ஒரு மணி நேரம் முடிந்ததும் கதவு பாதி திறக்கும், குழந்தை வெளியே வரும், "இன்னைக்கு குட் செஷன்" என்பார்கள், கதவு மூடும். என்ன செய்தீர்கள், வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் "மந்த்லி ரிப்போர்ட்ல வரும்." தெரபிஸ்ட் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார். பதினோரு மாதத்தில் ஐந்து பேர். சுவரில் மாட்டியிருந்த பட்டயங்கள் எல்லாம் நிர்வாகி அம்மாவுடையவை. குழந்தையைத் தொட்டு வேலை செய்தவர்கள் சில வாரப் பயிற்சி முடித்த இளம்பெண்கள் என்பது ஒருத்தி வேலையை விட்டுப் போகும்போது சொன்ன பிறகுதான் தெரிந்தது. பாவம், அவளுக்கும் சம்பள பாக்கி.

முதல் சில நாட்கள் அம்மா அப்பாவைப் பார்த்தால் சில குழந்தைகள் அழுவார்கள் என்பது உண்மைதான். அதற்குத்தான் ஒருபக்கக் கண்ணாடி இருக்கிறது, வீடியோ இருக்கிறது, கடைசிப் பத்து நிமிடம் பெற்றோரை உள்ளே உட்காரவைக்கும் வழக்கம் இருக்கிறது. வருடம் முழுக்கக் கதவை மூடிவைப்பதற்கு அது காரணமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சித் தாமதம் உள்ள இரண்டு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளுக்காக ஒரு திட்டம் வகுத்திருக்கிறது. ஒன்பது குழு வகுப்புகள், மூன்று முறை வீட்டுக்கு வருகை. அதில் பாடம் நடப்பது குழந்தைக்கு அல்ல, பெற்றோருக்கு. அமெரிக்காவில் போர்ட்டேஜ் என்ற ஊரில் 1969இல் தொடங்கிய முறையும் அதேதான்: ஒருவர் வாராவாரம் வீட்டுக்கு வந்து, அடுத்த வாரத்துக்குள் என்ன செய்யலாம் என்று பெற்றோரோடு உட்கார்ந்து முடிவு செய்வார். காரணம் எளிது. வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. மூன்று மணி நேரம் அவர்களிடம், மிச்சம் நம்மிடம். இந்தக் கணக்கை நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதே போட்டிருக்கலாம். போனில் விளையாடிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது மாதம் அடுத்த வலை விரிந்தது. முன்னேற்றம் மெதுவாக இருக்கிறதாம், 'பயோமெடிக்கல்' சேர்த்தால் வேகம் எடுக்குமாம். ஆக்சிஜன் சேம்பர், உடலில் இருக்கும் ஈயம், பாதரசத்தை வெளியேற்றும் மருந்து, பெரிய பட்ஜெட் இருந்தால் ஸ்டெம் செல். வழவழப்பான தாளில் கையேடு. இதில் நாங்கள் விழாமல் தப்பியது எங்கள் புத்திசாலித்தனத்தால் அல்ல, கையில் பணம் இல்லாததால். பிறகு தேடிப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. ஆக்சிஜன் சேம்பர் ஆட்டிசத்துக்கு அங்கீகரிக்கப்பட்டதல்ல என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013லேயே எச்சரித்திருக்கிறது. உலோகத்தை வெளியேற்றும் கீலேஷன் ஊசி போட்டு 2005இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தே போயிருக்கிறான். ஸ்டெம் செல் விஷயத்தில், தொப்புள்கொடி ரத்தத்தை வைத்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 180 குழந்தைகளிடம் நடத்திய சோதனை 2020இல் வெளிவந்தது. எதை முதன்மையாக அளக்கப் போகிறோம் என்று சொல்லித் தொடங்கினார்களோ, அந்தச் சமூகத் திறனில், போலி ஊசி போட்ட குழுவைவிடக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 'குணமாக்குகிறோம்' என்ற சொல் ஒரு மையத்தின் வாயிலிருந்து வந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பயிற்சியால் திறன் கூடும், சிரமம் குறையும், வாழ்க்கை எளிதாகும். காய்ச்சல் இறங்குவதுபோல் இறங்குவதற்கு இது காய்ச்சல் இல்லை.

பத்தாவது மாதக் கடைசியில் ஒரு நாள் அவனுடைய தண்ணீர் பாட்டில் என் பையிலேயே இருந்துவிட்டது. வரவேற்பில் ஆள் இல்லை. நேராகப் போய்க் கதவைத் தட்டித் திறந்தேன். நாலு குழந்தைகள், அரைவட்ட வெட்டு வைத்த மர நாற்காலிகளில், இடுப்பில் பெல்ட். எதிரே மேஜையில் சாய்த்து வைத்த டேப்லெட்டில் கார்ட்டூன் பாட்டு. அந்தப் பாட்டுச் சத்தத்தைத்தான் நாங்கள் மாதக்கணக்கில் தெரபி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தெரபிஸ்ட் பெண் ஜன்னலோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். என் பையன் திரையைப் பார்க்கவில்லை. பெல்ட்டின் பக்கிளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் வண்ணம் போயிருந்தது. ஒரு நாளில் போகிற வண்ணமில்லை அது.

வெளியே வந்து சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. 'இன்றைக்கு மட்டும் அப்படி இருக்கலாம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டிய பணம் நம்மை அப்படி நம்பவைக்கும். மனைவியிடம்கூட இரண்டு நாள் சொல்லவில்லை. அப்புறம் அந்த ரிப்போர்ட் வந்தது.

பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துத் தரையில் பரப்பினோம். மூன்றாவதும் ஆறாவதும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒன்பதாவதில் 'கண் தொடர்பு 30 சதவீதம் கூடியுள்ளது'. எதிலிருந்து 30 சதவீதம்? தொடங்கும்போது எவ்வளவு இருந்தது, யார் எப்படி எண்ணினார்கள், எதுவும் கிடையாது.

அடுத்த நாள் போனோம். நிர்வாகி அம்மாவின் முகம் மாறவே இல்லை. "டைப்பிங் மிஸ்டேக் சார்."

"பால் மாறினது டைப்பிங் மிஸ்டேக்னு வெச்சுக்கலாம். என் பையன் எப்ப மேடம் தண்ணி வேணும்னு சொன்னான்?"

"இங்க சொல்றான் சார். வீட்டுல நீங்க என்கரேஜ் பண்ணலைன்னா அது எங்க தப்பா?"

என் மனைவி அதுவரை பேசவில்லை. "அப்ப ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க. நான் கேட்டதே இல்ல" என்றாள். அவர் கணினியைப் பார்த்துக்கொண்டு "பாலிசி பிரகாரம் ரீஃபண்ட் கிடையாது" என்றார். நாங்கள் பணத்தைப் பற்றி அதுவரை வாயே திறக்கவில்லை.

புகார் கொடுத்தோம், எழுத்தில். அதற்கு உதவியது ரசீது, ரிப்போர்ட்டுகள், செஷன் நேரக் குறிப்புகள். நீங்களும் முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்; தேதியுடன் வீட்டில் எடுக்கும் சின்னச் சின்ன வீடியோக்களையும். குழந்தை எங்கிருந்து எங்கே வந்திருக்கிறான் என்பதற்கு அதைவிடச் சரியான ரிப்போர்ட் இல்லை. பணம் இன்னும் வரவில்லை.

இப்போது ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் போகிறோம். சிறிய அறை, சுவரில் ஒரு பட்டயம், அவருடையது, பதிவு எண்ணுடன். கேட்டதும் கோபப்படாமல் காட்டினார். ஒவ்வொரு செஷனுக்கும் அன்றன்றைக்குத்தான் கட்டணம். முதல் நாள் அவர் அவனைப் பார்ப்பதற்கு முன் எங்களிடம் கேட்ட கேள்வி: "வீட்டுல அவனுக்கு ரொம்பப் பிடிச்சது எது?" சுழலும் மூடி என்றோம். அவரும் தரையில் உட்கார்ந்து ஒரு மூடியைச் சுழற்றினார். அவன் திரும்பிப் பார்த்தான். முன்பின் தெரியாத ஒருவரை அவன் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் முறை.

மூன்று மாதத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த இலக்கு ஒரே ஒரு வரி: என் கையை இழுக்காமல், வேண்டியதன் படத்தை எடுத்துக் கொடுத்துக் கேட்க வேண்டும், நாளுக்கு ஐந்து முறை. படத்தைக் கொடுத்துக் கேட்கும் இந்த முறை 1985இல் உருவானது, பெக்ஸ் என்பார்கள். படம் கொடுத்துப் பழகினால் பேச்சு வராமல் போய்விடுமோ என்று மனைவி பயந்தாள். அப்படி ஆவதில்லை, சிலருக்குப் பேச்சு கூடவே செய்கிறது என்று ஆய்வுகளைச் சொல்லி, "ஆனா இவன் பேசுவான்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றும் சொன்னார். பதினோரு மாதம் வாக்குறுதிகளாகவே கேட்ட காதுக்கு அது எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? செஷனில் பாதி நேரம் பயிற்சி எனக்கும் மனைவிக்கும்தான். படத்தை எவ்வளவு தூரத்தில் வைப்பது, எத்தனை நொடி வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது. காத்திருப்பதுதான் கஷ்டம்.

நேற்று நாலு முறை கொடுத்தான். மூன்று முறை தண்ணீர், ஒரு முறை பந்து.

அந்தப் பதினோராவது மாத ரிப்போர்ட்டை நான் கிழிக்கவில்லை. அதில் இருக்கும் பெண் குழந்தையைச் சில நேரம் நினைத்துக்கொள்கிறேன். அவளுடைய அம்மாவோ அப்பாவோ எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் நிஜமாகவே தண்ணீர் கேட்கிறாளா, அல்லது அந்த வரியும் அவளுக்கு முன்னால் வேறொரு குழந்தைக்கு எழுதியதுதானா.