பொட்டலத்தோடு பிடிபட்ட பிள்ளைக்கு எந்த வழி?

"டீச்சர், இன்னைக்கே ஃபைன் கட்டிட்டா பையனைக் கூட்டிட்டுப் போயிடலாம்னு வக்கீல் சொல்றாரு. கட்டிடட்டுமா?"

கூடலூர் கோர்ட் வாசலில் ஒரு தோட்டத் தொழிலாளி அம்மா என்னிடம் கேட்டது இது. மகனுக்கு 22 வயது. நாடுகாணி சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் 40 கிராம் கஞ்சாவோடு பிடித்திருந்தார்கள். காலையில் எழுந்ததும் அது இல்லாமல் கை கால் ஓடாது, மூன்று வருஷமாக இப்படித்தான் என்று அவனே என்னிடம் சொன்னான். சட்ட உதவித் தன்னார்வலராக நான் சேர்ந்த புதிது. "கட்டிட்டுக் கூட்டிட்டுப் போங்கம்மா" என்றேன். ஏழு மாதத்தில் அதே பையன், அதே கோர்ட், அதே அம்மா. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் சொல்லும் வழி, குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டுவது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ன் கீழ் கஞ்சாவில் ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்த உபயோகம் என்று 27-ம் பிரிவில் வழக்குப் போட்டால், கஞ்சாவுக்கு ஆறு மாதம் வரைதான். ஒரு நாள் கூலி போனாலும் வழக்கு முடிந்துவிடும், மறுநாள் கொழுந்து பறிக்கப் போய்விடலாம். இதன் கவர்ச்சி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அபராதம் கட்டுவது வழக்கிலிருந்து தப்பிப்பது இல்லை, அது தண்டனை. போலீஸ் சரிபார்ப்பு வரும் ஒவ்வொரு வேலையிலும் அது கூட வரும். அடுத்த முறை குற்றம் உறுதியானால் 31-ம் பிரிவின்படி அதிகபட்சத் தண்டனை ஒன்றரை மடங்கு. இத்தனைக்குப் பிறகும் பழக்கம் அப்படியே இருக்கும். அந்தப் பையன் அன்று சாயங்காலமே புகைத்தான்.

இதற்கு எதிரே நிற்பது 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையான ஒருவர்மீது 27-ம் பிரிவிலோ, சிறிய அளவு தொடர்பான வேறு பிரிவிலோ குற்றம் சாட்டப்பட்டால், அவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால் அந்தக் குற்றத்துக்காக அவர்மீது வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். அதாவது தண்டனை என்ற பேச்சே இல்லாமல் வெளியே வர ஒரு கதவு சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 2001-ல் கொகைன் வழக்கில் சிக்கிய இந்தி நடிகர் ஃபர்தீன் கானுக்கு 2012-ல் மும்பை கோர்ட் இந்தப் பிரிவில்தான் விலக்கு கொடுத்தது. நடிகருக்குத் திறந்த கதவு எஸ்டேட் லைன் வீட்டுப் பையனுக்கும் திறக்க வேண்டும். ஆனால் அதைத் தட்ட வேண்டும் என்று அவனிடம் யாரும் சொல்வதில்லை. குற்றத்தை ஒத்துக்கொள்வதற்கு முன்பே மனுப் போட வேண்டும். 'ஆமா சார்' என்று சொல்லிவிட்ட பிறகு பேச்சு வேறாகிவிடும்.

இந்த வழியின் கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. இங்கே சிகிச்சை என்றால் பெரும்பாலும் ஊட்டி. 2025 ஏப்ரலில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மலைக்கு வந்த பெரிய நன்மைதான், முன்பு எதற்கெடுத்தாலும் கோவைக்கு இறங்கினோம். ஆனாலும் கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர். நடுவட்டம் ஏறி, பைக்காரா தாண்டிப் போக வேண்டும். பந்தலூர் எஸ்டேட்டிலிருந்து வருகிறவருக்கு ஒரு ஓ.பி. சீட்டுக்கு ஒரு முழு நாள், அந்த நாளின் கூலியும் போச்சு. கஞ்சாவுக்கு மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது. தூக்கமின்மைக்கும் எரிச்சலுக்கும் கொஞ்ச நாள் மாத்திரை கொடுக்கலாம், மீதியெல்லாம் கவுன்சலிங், மறுபடி கவுன்சலிங். ஒரே தடவை போய்விட்டு வந்தால் ஒன்றும் நடக்காது. அபராதம் ஒரு நாளில் முடிகிறது, இது மாதக்கணக்கில் இழுக்கிறது. அதனால்தான் வீட்டார் தயங்குகிறார்கள்.

64ஏ-வைத் தவறவிட்டவர்களுக்கு 39-ம் பிரிவு இருக்கிறது. குற்றம் உறுதியான பிறகும், தண்டனையை உடனே சொல்லாமல், அவர் சம்மதத்தோடு அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கு அனுப்பலாம். பத்திரம் எழுதிக் கொடுத்து, ஓராண்டுக்குள் சிகிச்சை அறிக்கையோடு வந்து நிற்க வேண்டும். கோர்ட்டுக்குத் திருப்தி என்றால் கண்டித்து விட்டுவிடலாம், மூன்று ஆண்டு வரை நன்னடத்தைப் பத்திரத்தோடு. இதில் குற்றவாளி என்ற தீர்ப்பு விழுந்துவிடுகிறது என்பதுதான் குறை. ஒரு நன்மையும் உண்டு. 'வாய்தா இருக்கு, அறிக்கை கேப்பாங்க' என்ற நினைப்பு சிலரைச் சிகிச்சையில் பிடித்து வைக்கிறது. எனக்கு 64ஏ-தான் மேல் என்று தோன்றுகிறது, என்றாலும் ஏற்கெனவே ஒத்துக்கொண்டவருக்காக இதைக் கேட்காமல் விடுவது பெரிய தப்பு.

வசதி இருக்கிற வீடுகள், கடன் வாங்கியாவது, தனியார் மறுவாழ்வு மையத்துக்குப் போகின்றன. ராத்திரி வண்டி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சமவெளிக்கு இறங்கும். நல்ல மையங்கள் உண்டு. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பையன் மூன்று மாதம் கழித்து முதுகில் தழும்போடு திரும்பி வந்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்றே கணக்கில் எடுக்கிறது. அதன் 95-ம் பிரிவு சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. பணம் கட்டுவதற்கு முன் பதிவுச் சான்றைக் கேளுங்கள். அரசு அங்கீகாரம் இல்லாத இடம் கொடுக்கும் கடிதம் 64ஏ-க்கு உதவாது. கடன் வாங்கிப் போன குடும்பங்களுக்கு இது கடைசியில்தான் தெரிய வருகிறது.

சிறையே திருத்தும் என்று நம்புகிறவர்கள் ஊரில் நிறையப் பேர். "நாலு மாசம் உள்ள இருந்தா தானா விட்டுடுவான்" என்பார்கள். அபின் வகை போதையில் இந்த நம்பிக்கை உயிரையே எடுக்கும். வலி மாத்திரையாக வரும் டிரமடாலும் அந்த வகைதான், 2018-ல் இதே சட்டத்துக்குள் வந்தது. உள்ளே இருக்கும் மாதங்களில் உடம்பின் தாங்கு சக்தி இறங்கிவிடும். வெளியே வந்தவன் பழைய அளவையே எடுப்பான், மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களை ஆராய்ந்து 2007-ல் வந்த கட்டுரை, முதல் இரண்டு வாரத்தில் அளவு மிஞ்சிய போதையால் சாகும் ஆபத்து மற்றவர்களைவிட 129 மடங்கு என்றது. அதே நாட்டில் ரோட் தீவு மாநிலம் 2016-ல் சிறைக்குள்ளேயே புப்ரனார்ஃபின், மெத்தடோன் என்ற, அபின் வகைப் பழக்கத்துக்கான மாற்று மருந்துகளைக் கொடுக்கத் தொடங்கியது. விடுதலையானவர்களிடையே அந்த வகைச் சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. மருந்து இல்லாத சிறை, மருந்து உள்ள சிறை இரண்டும் ஒன்றல்ல. ஆகவே பிள்ளை ரிமாண்டில் போனால், என்ன எடுத்துக்கொண்டிருந்தான் என்பதை வெட்கப்படாமல் சிறை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

சாராயத்துக்கு இது இன்னும் அவசரம். நான் கோர்ட்டில் பார்க்கிற ஆண்களில் பாதிக்கு மேல் குடியால் வந்தவர்கள், அடிதடி, வீட்டில் வன்முறை. நெடுங்காலம் தினமும் குடித்தவருக்குத் திடீரென்று நின்றால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், பிதற்றல், வலிப்பு வரலாம். அது சாவில் முடியலாம். கவனிக்காத காவலர் அதை நடிப்பு என்பார். மதுவுக்கு 64ஏ பொருந்தாது. அங்கே 1958-ன் நன்னடத்தைச் சட்டத்தின் 4-ம் பிரிவுதான் கைகொடுக்கும். தகுந்த வழக்குகளில் தண்டிக்காமல் பத்திரத்தில் விடலாம், போதைப் பொருளைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையையும் அந்தப் பத்திரத்தில் சேர்க்கலாம். வக்கீல்கள் கேட்டால்தானே நடுவர் யோசிப்பார்.

ஒன்றை மனசாட்சியோடு சொல்ல வேண்டும். கஞ்சாவோடு பிடிபட்ட எல்லோரும் அடிமைகள் அல்லர். நண்பன் கொடுத்தான் என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்த கல்லூரிப் பையனை வழக்குக்காக அடிமை என்று எழுதிக் கொடுப்பது பொய். இல்லாத நோய்க்கு அவன் கட்டிலில் படுத்தால், தேவைப்பட்ட ஒருவருக்கு இடமில்லாமல் போகும். அப்படிப்பட்டவருக்கு வழக்கையே நடத்துவது நேர்மை. பறிமுதலும் சோதனையும் சட்டப்படி நடந்தனவா என்று வக்கீல் பார்க்கட்டும்.

அந்தப் பையனுக்கு இரண்டாவது முறை 64ஏ மனுப் போட்டோம். காவலில் இருப்பவருக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100-க்கு அழைத்தால் போதும். நடுவர் வழக்கை நிறுத்தி வைத்துச் சிகிச்சை அறிக்கை கேட்டார். மாதம் இரண்டு திங்கள், காலை முதல் பஸ். ஆடி மழையில் சாலை சரிந்து ஒரு திங்கள் போக முடியவில்லை. மறு திங்கள் போனபோது, ஏன் வரவில்லை என்பதை டாக்டர் ஓ.பி. சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தச் சீட்டுகளையெல்லாம் அம்மா ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார். அடுத்த வாய்தாவுக்கு அதை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.