ஜாங்கோவில் தேதிக் கணக்கு: பைத்தானில் போடுவதா, குவெரிக்குள் போடுவதா?

வாடகை நூலகம் ஒன்றுக்கு எழுதிய மென்பொருளில், கெடு தாண்டியும் திரும்பி வராத புத்தகங்களைப் பட்டியலிட வேண்டியிருந்தது. எழுதியது ஜாங்கோவில் (பைத்தானில் இணைய மென்பொருள் கட்ட உதவும் கட்டமைப்பு), பின்னால் இருக்கும் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். புத்தகம் எடுத்த தேதி ஒரு ஃபீல்டில் இருக்கிறது, கெடு 21 நாள். இன்றைய தேதியிலிருந்து பைத்தானிலேயே 21 நாளைக் கழித்து, வருகிற தேதியை குவெரியின் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியின்) ஃபில்டரில் கொடுக்கலாம். எஃப் எக்ஸ்பிரஷன் (குவெரிக்குள் ஃபீல்டைக் குறிப்பிட்டுக் கணக்குப் போட ஜாங்கோ தரும் வசதி) வைத்து ஃபீல்டோடு 21 நாளைக் கூட்டும்படி டேட்டாபேஸிடமே சொல்லலாம். அல்லது டேட்டாபேஸின் மொழியான எஸ்க்யூஎல்லைக் கையாலேயே எழுதிவிடலாம். நான் எடுத்தது முதல் வழி. இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

கையால் எழுதும் எஸ்க்யூஎல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. போஸ்ட்கிரெஸில் தேதியோடு 21 என்ற எண்ணை நேரடியாகக் கூட்டலாம்; மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் அதற்கு இன்டர்வல் (கால அளவு) எழுத வேண்டும்; எஸ்க்யூஎல்லைட் என்ற சிறிய டேட்டாபேஸில் தேதிக்கென்று தனி வகையே கிடையாது. டெஸ்டை மட்டும் எஸ்க்யூஎல்லைட்டில் ஓட்டுகிறவர்களுக்கு இந்த வழி அங்கேயே முறிந்துவிடும்.

எஃப் எக்ஸ்பிரஷன் இந்த வேறுபாடுகளை மறைத்துவிடுகிறது. ஃபீல்டோடு டைம்டெல்டாவை (பைத்தானில் கால அளவைக் குறிப்பது) கூட்டினால் அந்தந்த டேட்டாபேஸுக்கு ஏற்ற எஸ்க்யூஎல்லை ஜாங்கோ எழுதிக்கொள்ளும். வகைகள் கலந்தால் மட்டும் எக்ஸ்பிரஷன்ராப்பரில் சுற்றி, விடை எந்த வகை என்று நாம் சொல்ல வேண்டியிருக்கும். பார்க்கவும் அழகாகத்தான் இருக்கிறது. 'எடுத்த தேதி + 21 நாள், இன்றைக்கு முன்' என்று நாம் பேசுகிற வரிசையிலேயே குவெரி அமைகிறது.

சிக்கல் இண்டெக்ஸில் (வரிகளைச் சட்டென்று தேட டேட்டாபேஸ் வைத்திருக்கும் வரிசைப் பட்டியலில்) இருக்கிறது. எடுத்த தேதிக்கு இண்டெக்ஸ் போட்டிருந்தால், அந்தத் தேதிகள்தான் அதில் வரிசையாக இருக்கும். 21 நாள் கூட்டிய தேதிகள் இருக்காது. கணக்கில் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுதான், இது நமக்குத் தெரியும். ஆனால் 21-ஐ மறுபக்கம் கொண்டுபோகும் வேலையை போஸ்ட்கிரெஸ் தானாகச் செய்யாது. ஒவ்வொரு வரியாக எடுத்து, கூட்டி, ஒப்பிடும். பைத்தானில் கழித்துக் கொடுத்தால் ஃபீல்ட் தொடப்படாமல் நிற்கும், இண்டெக்ஸ் நேராகப் பயன்படும். குவெரிசெட்டின் (ஜாங்கோ குவெரியின்) எக்ஸ்பிளெயினை, அதாவது டேட்டாபேஸ் அதை எப்படி ஓட்டும் என்று காட்டும் வசதியை, இரண்டு விதத்துக்கும் ஓட்டிப் பாருங்கள்: ஒன்றில் எல்லைத் தேதி இண்டெக்ஸ் கண்டிஷனாக வரும், மற்றதில் வெறும் ஃபில்டராக வரும். சில ஆயிரம் வரிகள் மட்டும் உள்ள டேபிளில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. போஸ்ட்கிரெஸே இண்டெக்ஸை ஒதுக்கிவிட்டு மொத்தத்தையும் படித்துவிடும். பல வருட வரவுசெலவு சேர்ந்த டேபிளில்தான் உறைக்கும்.

கூட்டிய தேதிக்கே இண்டெக்ஸ் போட்டால் என்ன என்று கேட்கலாம். ஜாங்கோ 3.2 முதல் எக்ஸ்பிரஷன் மீது இண்டெக்ஸ் போட முடியும். ஆனால் நாளைக்குக் கெடு 14 நாள் ஆனால் அந்த இண்டெக்ஸ் வீண்.

தேதியோடு நேரமும் உள்ள ஃபீல்டுக்கும் இதே கதைதான். 'இன்று எடுத்தவை' என்பதற்கு டேட் லுக்கப்பை (நேரத்தை விட்டுத் தேதியை மட்டும் ஒப்பிடும் ஃபில்டரை) போட்டால், ஒவ்வொரு வரியையும் இந்திய நேரத்துக்கு மாற்றி, தேதியை மட்டும் வெட்டி, அப்புறம்தான் ஒப்பிடும். இன்றைய நள்ளிரவு முதல் நாளைய நள்ளிரவுக்கு முன்வரை என்று இரண்டு எல்லைகளைப் பைத்தானில் செய்து கொடுப்பதே மேல். அங்கே 'இன்று' என்பதை லோக்கல்டேட் (உள்ளூர் நேரப்படி தேதியைத் தரும் ஜாங்கோ வசதி) மூலம் எடுங்கள். டைம்ஸோன் வசதி ஆனில் இருந்தால் ஜாங்கோவின் நவ் தருவது யுடிசி (உலகப் பொது நேரம்). அதிலிருந்து தேதியை உருவினால் காலை 5.30 வரை நேற்றைய தேதிதான் கிடைக்கும்.

இனி என் வழியின் ஓட்டை. நாள் கணக்கை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுபோகலாம், மாதக் கணக்கை முடியாது. 2023 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் போஸ்ட்கிரெஸ் பிப்ரவரி 28 என்கும். அந்தப் பிப்ரவரி 28-இலிருந்து ஒரு மாதம் கழித்தால் வருவது ஜனவரி 28. ஆக, பிப்ரவரி 28 அன்று 'ஒரு மாதம் ஆனவை' எதெது என்று கேட்டால் இரண்டு குவெரியும் வேறுவேறு பட்டியலைத் தரும். மாதச் சந்தா மாதிரியான வேலைக்கு என் வழியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள்.

அதேபோல உறுப்பினருக்கு உறுப்பினர் கெடு மாறினால், நாள் எண்ணிக்கையும் ஒரு ஃபீல்டாகிவிடும்; பைத்தானில் கழிக்க ஒரே எல்லைத் தேதி என்று எதுவும் இருக்காது. அங்கே எஃப் எக்ஸ்பிரஷன் தேவைப்படும்தான். நானாக இருந்தால் அதற்குப் பதில், புத்தகம் கொடுக்கும்போதே திருப்ப வேண்டிய தேதியைக் கணக்கிட்டுத் தனி ஃபீல்டில் சேமித்துவிடுவேன். வரிக்கு ஒரு தேதி கூடுதல் இடம், கெடுவை நீட்டித்தால் அதையும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஜாங்கோ 5.0-இல் வந்த ஜெனரேட்டட்ஃபீல்ட் அந்தத் தேதியை டேட்டாபேஸே பார்த்துக்கொள்ளும்படி செய்கிறது. அதைச் சோதனைக்கு மட்டுமே தொட்டிருக்கிறேன். ஓடுகிற மென்பொருளில் இன்னும் வைக்கவில்லை.