போத்தலா, பக்கற்றா, நாமே கரைப்பதா? மின்கடத்துதிறன் மீற்றரைத் திருத்துமுன்

திருகோணமலையின் நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல் வளவுகளில் கிணற்று நீர் மாதத்துக்கு மாதம் மாறும். மார்கழி மழையில் நன்னீர் ஏறும். ஆவணி வெயிலில் மோட்டரைக் கூடுதல் நேரம் ஓடவிட்டால், அடியில் கிடக்கும் உவர் மேலே வந்துவிடும். உப்புக் கூடினால் நீரின் மின்கடத்துதிறனும் கூடும்; இந்த மாற்றத்தைப் பிடிக்கத்தான் மீற்றர் வாங்குகிறோம். அதன் எண்ணே ஆடினால் கிணறு மாறியதா, மீற்றர் மாறியதா என்று தெரியாது.

அதனால் கடத்துதிறன் முன்பே தெரிந்த ஒரு கரைசலில், அதாவது நியமக் கரைசலில், வைத்து மீற்றரின் எண்ணைத் திருத்துகிறோம். கிணற்று நீருக்கு ஏற்ற நியமக் கரைசல் சென்ரிமீற்றருக்கு 1413 மைக்ரோசீமன்ஸ். ஒரு லீற்றரில் 0.7456 கிராம் பொட்டாசியம் குளோரைட்டு; அவ்வளவுதான். அப்படியென்றால் நாமே கரைக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் 0.01 கிராம் வரை காட்டும் தராசில் ஒரு புள்ளி தவறினாலே 1.3 சதவீதப் பிழை. உப்பை 105 பாகையில் உலர்த்த வேண்டும், சரியான அளவுக் குடுவையும் வேண்டும். உரக்கடைப் பொட்டாஷில் வேறு உப்புகள் கலந்திருக்கும். சமையல் உப்பின் கடத்துதிறனோ வேறு. ஆய்வுகூடம் இல்லாதவர்கள் இதை விட்டுவிடுவது நல்லது.

கடையில் வாங்கும் கரைசலில், போத்தல் தினமும் அளப்பவர்களுக்கு லாபம். மாதம் ஒருமுறை அளக்கும் வீட்டுக்கு அது சரிவராது. அடிக்கடி மூடியைத் திறந்தால் நம் வெக்கையில் நீர் ஆவியாகி, கரைசல் செறிந்துவிடும். போத்தலுக்குள்ளேயே மீற்றரை விடுபவர்களும் இருக்கிறார்கள்; அதோடு அந்தப் போத்தல் முடிந்தது. என் தெரிவு பக்கற். விலை கூடத்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் புதிது. ஒரு தடவைக்கு இரண்டு எடுங்கள்: ஒன்று அலச, மற்றது திருத்த.

கொட்டியாரக் குடாவையோ கிண்ணியாக் களப்பையோ அளப்பவர்களுக்கு 1413 போதாது, 12,880 வேண்டும். கடல் நீரே ஏறத்தாழ 53,000.

மீற்றரின் முனையை அலசுவதில்தான் கனபேர் கோட்டை விடுகிறார்கள். குழாய் நீர் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரால் மட்டும் அலசினாலும், ஒட்டியிருக்கும் துளிகள் நியமக் கரைசலை நீர்க்கச் செய்யும். ஆகவே முதலில் வடித்த நீர், நன்றாக உதறல், அப்புறம் முதல் பக்கற்றில் கொஞ்சம் ஊற்றி அலசிக் கொட்டுவது. பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரும் சரிதான். ஆனால் பற்றரி அசிட் போத்தலோடு மாறிவிடாமல் பாருங்கள்.

சுண்ணாம்பு படிந்த முனையை உப்புத்தாளால் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மின்வாய்களின் பரப்பு மாறினால் அளவீடே மாறும். வினாகிரியில் கால் மணி நேரம் ஊறவிட்டுக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பாத்திரம் கழுவும் திரவம். நெடுநாள் உலர்ந்து கிடந்த முனையை வடித்த நீரில் அரை மணி நேரம் ஊற விடுங்கள்.

வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். 1413 என்பது 25 பாகைக்கான எண். அதே கரைசல் 20 பாகையில் 1278, 30 பாகையில் 1552. தானாக வெப்பநிலை ஈடுசெய்யும் மீற்றருக்கு 1413 கொடுக்கலாம். இல்லாததற்கு அந்த நேரத்து வெப்பநிலைக்குரிய எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். எதுவானாலும் கரைசலும் முனையும் ஒரே சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருங்கள்.

முனையை அமிழ்த்தியதும் மெதுவாகத் தட்டிக் காற்றுக்குமிழியை வெளியேற்றுங்கள். திருத்தி முடித்தபின், முதல் பக்கற்றில் மிச்சம் வைத்த புதிய கரைசலில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். 25 பாகைக்கு ஈடுசெய்த எண் 1400க்கும் 1425க்கும் இடையில் நின்றால் கிணற்றடிக்குப் போகலாம். இல்லையென்றால் மறுபடி வினாகிரியிலிருந்து.