கும்பிடுபூச்சியைப் படம் வைத்துப் பெயர் காண: ஐநேச்சுரலிஸ்ட் செயலியின் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஐநேச்சுரலிஸ்ட், நாம் ஏற்றும் படத்தைப் பார்த்து உயிரினத்தின் பெயரைப் பரிந்துரைக்கும் செயலி; மற்ற பயனர்களும் அந்தப் பதிவுக்குப் பெயரிடலாம். கும்பிடுபூச்சிகளைப் பொறுத்தவரை அது தரும் பரிந்துரையைப் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) வரை பெரும்பாலும் நம்பலாம். இனப்பெயர் கிடைப்பதும் கிடைக்காததும் நாம் எடுக்கும் படத்தைப் பொறுத்தது. அதிலும் முன்னங்காலின் உட்பக்கம் படத்தில் விழுந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட கும்பிடுபூச்சி இனங்கள் சுமார் 2,400. செயலியின் கணினிப் பார்வைக்கு, அதாவது படத்திலிருந்து பெயரை ஊகிக்கும் நிரலுக்குப் பயிற்சி தரப் போதுமான படங்கள் உள்ளவை அவற்றில் ஒரு பகுதிதான். மற்றவற்றை அதற்குத் தெரியாது. தெரியாத பூச்சியைக் காட்டினால் தெரிந்தவற்றில் நெருங்கிய ஒன்றைச் சொல்லும். தோட்டத்தில் கிடைத்த பச்சைப் பூச்சி ஒவ்வொன்றுக்கும் 'ஹையரோடூலா மெம்ப்ரனேசியா' என்று பெயர் வந்து நிற்பதற்கு இதுவே காரணம். பட்டியலின் மேலே 'இந்தப் பேரினம் என்று உறுதியாகத் தெரிகிறது' என்ற பொருளில் ஒரு வரி வந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழே வரிசையாக வரும் இனப்பெயர்களை, சோதித்துப் பார்க்க வேண்டிய ஊகங்களாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் முதலில் எடுப்பது முதுகுப் பக்கப் படம். அழகாக இருக்கும், பயன் குறைவு. இனத்தைப் பிரிக்கும் அடையாளங்கள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. முன்னங்காலில் உடலோடு சேரும் நீண்ட கண்டம் காக்ஸா, அடுத்து முள் வரிசை உள்ள தடித்த ஃபீமர், அதன்மேல் கத்திபோல் மடங்கும் டிபியா. மேன்டிஸ் ரிலிஜியோசாவுக்குக் காக்ஸாவின் உட்பக்க அடியில் ஒரு கறுப்புப் பொட்டு உண்டு, பல நேரம் நடுவில் வெள்ளையோடு. பழுப்பு நிற ஸ்டாட்டிலியா மேகுலாட்டாவுக்கு முன்னங்காலின் உட்பக்கத்தில் கறுப்பும் வெளிர்நிறமும் சேர்ந்த திட்டுகள். கிழக்காசியாவில் பரவலான ஹையரோடூலா பட்டெலிஃபெராவில் காக்ஸாமேல் வெளிறிய தட்டையான புடைப்புகள் சில தெரியும். ஜப்பானில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு டெனோடெரா இனங்களைப் பிரிப்பதே முன்னங்கால்களுக்கு இடையே மார்பில் உள்ள பொட்டின் நிறம்தான்: அங்குஸ்டிபென்னிஸ் என்றால் ஆரஞ்சு, மற்றதற்கு வெளிர் மஞ்சள். இவற்றில் ஒன்றுகூட முதுகுப் படத்தில் விழாது.

அடிப்பக்கத்தை எடுக்கச் சுலபமான வழி, கீறல் இல்லாத ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பா. பூச்சியை உள்ளே நடக்க விட்டு மூடினால் சில நிமிடத்தில் சுவரில் ஏறி நிற்கும். வெளியிலிருந்து காக்ஸா, முட்கள், மார்பு, வயிற்றின் நுனி எல்லாம் தெரியும். டப்பாவுக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தால் முட்களின் விளிம்பு தெளியும். அசையாமல் இருக்கட்டும் என்று குளிர்பெட்டியில் வைக்கும் வழக்கம் வேண்டவே வேண்டாம். பூச்சிக்குத் துன்பம், காலை மடக்கி ஒடுங்கிக்கொள்வதால் பார்க்க வேண்டிய உட்பக்கமும் மறைந்துவிடும். பொறுமையாகக் காத்திருந்தால் அதுவே முன்னங்காலை நீட்டி வாயால் சுத்தம் செய்யும். அந்த நேரத்தில் எடுக்கும் படமே மிகச் சிறந்த படம்.

இதோடு முகம் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கழுத்துப் போல் நீண்ட முன்மார்பு மேலிருந்து ஒன்று. அளவுக்கு மில்லிமீட்டர் அளவுகோல் வையுங்கள். நாணயம் வைப்பது சரிவராது, ஒரு ரூபாய் நாணயமே வெளியீட்டுக்கு வெளியீடு அளவு மாறுகிறது.

பெயர் தேடுமுன் முதிர்ந்த பூச்சியா, குஞ்சா என்று முடிவு செய்யுங்கள். குஞ்சுக்கு இறக்கை இருக்கும் இடத்தில் மொட்டு மட்டும் ஒட்டியிருக்கும். சில இனங்களில் பெண்ணுக்கு முதிர்ந்த பிறகும் இறக்கை குட்டைதான், ஆனால் அதில் நரம்புகள் தெரியும், விளிம்பும் உடலிலிருந்து பிரிந்து நிற்கும். ஆணா பெண்ணா என்பதற்கு வயிற்றின் அடிப்பக்கத் தகடுகளை எண்ணலாம்: முதிர்ந்த பெண்ணுக்கு 6, ஆணுக்கு 8. ஒரே இனத்து ஆணும் பெண்ணும் இரண்டு இனம் போலத் தோன்றுவது சாதாரணம். குஞ்சுகளைப் பெரும்பாலும் பேரினத்தோடு நிறுத்துவதே நேர்மை. ஓடான்டோமேன்டிஸ், யூயன்டிஸ்ஸா ஆகியவற்றின் மிகச் சிறிய குஞ்சுகள் எறும்பைப் போலவே இருப்பதால் செயலியும் எறும்பு என்று சொல்லக்கூடும். மடங்கிய முன்னங்காலைப் பெரிதாக்கிப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

நிறத்தை நம்பாதீர்கள். ஒரே இனத்தில் பச்சையும் உண்டு, பழுப்பும் உண்டு. கண்ணில் தெரியும் கறுப்புப் புள்ளி, நாம் பார்க்கும் கோணத்தோடு நகரும் தோற்றம். இரவில் கண் முழுதும் கறுத்துவிடும். இந்த இரண்டையும் அடையாளமாக எழுதும் குறிப்புகளை ஒதுக்கிவிடலாம்.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஐநேச்சுரலிஸ்ட் படத்தை நீண்ட பக்கம் 2048 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். முழுப் படத்தை அப்படியே ஏற்றினால் காலின் முட்கள் கரைந்துபோகும், ஆகவே தேவையான பகுதியை மட்டும் வெட்டிய பிறகு ஏற்றுங்கள். கணினிப் பரிந்துரை முதல் படத்தைப் பார்த்து வருவதால் முழு உடல் தெரியும் படம் முதலில் இருக்கட்டும். கால், முகம், அடிப்பக்கம் எல்லாம் பின்னால் வரும், அவை மனிதர்கள் பார்ப்பதற்கு.

செல்பேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் உதவும். ஆனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நெருங்கினால்தான் ஃபோகஸ் ஆகும் வகை உயிருள்ள பூச்சிக்கு ஒத்துவராது. சற்றுத் தள்ளி நின்று எடுக்க முடிகிற குறைந்த உருப்பெருக்க லென்ஸ் போதும். செல்பேசியின் தானியங்கி மெருகேற்றல் முட்களை வழித்துவிடும், அணைத்துவிடுங்கள்.

பதிவின் பெயர் நம்பத்தக்கது என்று செயலி இடும் 'ஆய்வுத் தரம்' என்ற முத்திரைக்கு, பெயரிட்ட பயனர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் போதும். இரண்டே பேரால்கூட அது வந்துவிடும். செயலி சொன்னதை ஒருவர் போட, மற்றவர் நன்றிக்காக 'ஒப்புக்கொள்கிறேன்' அழுத்தினாலும் முத்திரை விழும். ஹையரோடூலா போன்ற பேரினங்களில் ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாத இனங்கள் இருப்பதால் இந்த முத்திரையை எடைபோட்டுத்தான் ஏற்க வேண்டும். பேரினத்துக்கு மேல் போக வழியில்லை என்றால் 'இதற்குமேல் மேம்படுத்த முடியாது' என்று குறியிடுங்கள், பேரின அளவிலேயே தரம் கிடைக்கும்.

குடும்பப் பெயர் பழைய பட்டியலோடு ஒத்துவரவில்லை என்று குழம்ப வேண்டாம். 2019இல் வகைப்பாடு பெரிதும் திருத்தப்பட்டது. மரப்பட்டையில் தட்டையாக ஒட்டி ஓடும் ஹம்பர்டியெல்லா இப்போது கோனிபெட்டிடே குடும்பத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒரே படத்தில் பெயர் சொல்லக்கூடியவையும் உண்டு. கண்கள் கூம்பாக முன்னோக்கி நீண்டு, உடல் காய்ந்த புல்தாள் போல இருந்தால் ஸ்கைசோசெஃபாலா பைகார்னிஸ். முன்இறக்கையில் கண் போன்ற வட்டம் இருந்தால் பெரும்பாலும் க்ரியோப்ரோட்டர், ஆனால் அதற்குள் எந்த இனம் என்பது கடினம். இலை போல் விரிந்த கால்கள், குச்சி போல் மெலிந்த முன்மார்பு, அதன் மேல்நுனியில் அகன்ற தகடு என்றால் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய கோங்கைலஸ் கோங்கைலோடஸ். ஆணின் உணர்கொம்பு சீப்பு போல் பற்களோடு இருக்கும்.

இந்த ஒன்றைப் பதிவிடும்போது இடத்தை அப்படியே காட்டாதீர்கள். வளர்ப்புக்காகப் பிடித்து விற்கப்படும் பூச்சி இது. பதிவின் இட அமைப்பில் 'மறைத்துக் காட்டு' என்பதைத் தேர்ந்தால், பக்கத்துக்கு 0.2 பாகை, அதாவது சுமார் 22 கிலோமீட்டர் கொண்ட கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாக மட்டும் மற்றவர்களுக்குத் தெரியும்.